நூறு சதவீத அளவில்

டேப்லெட் திரையில் இரண்டு விரலை வைத்து விரித்தால் படம் பெரிதாகிறது. மறுபடி விரித்தால் இன்னும் பெரிதாகிறது. ஒரு பூக்காரம்மாவின் மூக்குத்திக் கல்லை உள்ளங்கை அகலத்துக்குக் கொண்டுவந்து, வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது, நிழல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து வரையலாம். வரைகிற நேரத்தில் அது பெரிய சுகம். அதே படம் அச்சாகிப் புத்தகமாகக் கைக்கு வரும்போது, அந்தக் கல் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஏ4 தாளை 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, என்ற கணக்கில் எடுத்தால் அகலம் 2480 பிக்சல், உயரம் 3508 பிக்சல். அதில் மூன்று பிக்சல் பருமனில் ஒரு கோடு போட்டால் தாளில் அது கால் மில்லிமீட்டர்தான். திரையில் கயிறு மாதிரி தெரிந்த கோடு அச்சில் மயிரிழையாகிவிடுகிறது.

நான் சென்னையில் ஓவியம் படிக்கிறேன், கடைசி வருடம். இலஸ்ட்ரேஷன்தான் என் பிரிவு. கதைக்கும் பாடத்துக்கும் படம் போடுகிற வேலை. "கையால வரையிறியா, கம்ப்யூட்டர்லயா?" என்று வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாருமே கேட்டுவிடுகிறார்கள். கேட்கும்போதே அவர்களிடம் பதிலும் தயாராக இருக்கும்: தாளில்தான் உயிர் இருக்கிறது, கம்ப்யூட்டர் படத்தில் அது வராது. என் வகுப்பில் பாதிப் பேர் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறார்கள். தாளெல்லாம் பழைய காலம், வேலை கிடைக்க வேண்டுமென்றால் திரைதான் என்கிறார்கள். எனக்கு இரண்டு பேச்சிலும் ஒட்டு இல்லை. நான் இரண்டிலும் வரைகிறேன், இரண்டையும் விடப் போவதில்லை. தினமும் இரண்டுக்கும் நடுவே போய்வருகிறவளுக்குத் தெரிகிற வேறுபாடு ரொம்ப நடைமுறையானது. தாளில் படத்தின் அளவு மாறாது, முடிவுகளை முதலிலேயே எடுத்தாக வேண்டும். திரையில் அளவு நம் இஷ்டம், முடிவைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடலாம். எந்த வேலைக்கு இதில் எது தேவை என்று தெரிந்துகொள்வதுதான் நான் கற்ற படிப்பு என்று நினைக்கிறேன்.

முடிவை முதலிலேயே எடுப்பது என்றால் என்ன என்று வாட்டர்கலர்தான் சொல்லிக்கொடுத்தது. மயிலாப்பூர் தெப்பக்குளத்துக் கரையில், காலை வெயிலில், வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர்கலரில் அந்த வேட்டிக்கு வெள்ளைப் பெயின்ட் கிடையாது. தாளின் வெள்ளைதான் வேட்டி. அதனால் முதல் வாஷ், அதாவது தண்ணீராகக் கரைத்த நிறத்தின் முதல் பூச்சு, போடுவதற்கு முன்பே எங்கெல்லாம் பிரஷ் படக்கூடாது என்று முடிவு செய்திருக்க வேண்டும். வெளிச்சமான இடத்திலிருந்து இருட்டான இடத்துக்குப் போகலாமே தவிர, திரும்பி வர முடியாது. வேட்டியின் மடிப்பில் விழுகிற நிழல் சாம்பல் நிறம் என்று நினைப்போம். உட்கார்ந்து பார்த்தால் அதில் வானத்தின் நீலம் இருக்கும், கீழே கல்தரையிலிருந்து எழும்பும் மஞ்சள் இருக்கும். அல்ட்ராமரின் நீலத்தில் ஒரு துளி பழுப்பைச் சேர்த்து நீர்க்கப் போட்டால், அல்ட்ராமரினின் துகள்கள் தாளின் சொரசொரப்பில் இருக்கும் சின்னச் சின்னக் குழிகளில் போய்த் தங்கிவிடும். காய்ந்ததும் அந்த நிழல் துணி நெசவு மாதிரியே தெரியும். நான் அதை வரையவில்லை. தாளும் நிறமும் சேர்ந்து செய்துகொண்ட வேலை அது. தாலோ நீலத்தில் இது நடக்காது. அதன் துகள் ரொம்ப மெல்லியது, தாளுக்குள் இறங்கிக் கறையாகிவிடும். எந்த நீலத்தை எடுக்கிறோம் என்பதுகூட முன்கூட்டியே எடுக்கிற முடிவுதான்.

இதில் சென்னையின் பருவநிலைக்கும் பங்கு உண்டு. கத்திரி வெயில் நாட்களில் வெளியே உட்கார்ந்தால், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு வாஷைக் கொண்டுபோவதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து கோடு விழுந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறு. காற்றெல்லாம் ஈரம், வாஷ் காயவே காயாது. பாதி காய்ந்த இடத்தில் கொஞ்சம் அதிகத் தண்ணீரோடு பிரஷ் பட்டுவிட்டால் அந்தத் தண்ணீர் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் பல்பல்லாகக் கறை விட்டுவிடும். மேகத்துக்கு அது அழகு, முகத்துக்கு ஆகாது. மழைக்காலத்தில் நான் முகங்களைத் தள்ளிவைத்துவிட்டு வானம், குளம், ஈரமான ரோடு என்று எடுத்துக்கொள்வது அதனால்தான். வெளிநாட்டு வீடியோக்களில் "பத்து நிமிடம் காயவிடுங்கள்" என்பார்கள். அந்தப் பத்து நிமிடம் அவர்கள் ஊர்ப் பத்து நிமிடம்.

திரையில் இந்தக் கவலை எதுவும் கிடையாது. வெள்ளையைக் கடைசியில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் எடுக்கலாம், லேயரை, அதாவது கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கை, மூடித் திறந்து இருபது விதமாகப் பார்க்கலாம். இந்த வசதியைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்ததை ஒரே தட்டில் திரும்பப் பெறும் அண்டூ வந்ததால் ஓவியர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். அழிரப்பர் வந்தபோதும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். என் கவலை வேறு. முடிவெடுக்காமலே ஒரு படத்தை நாள்கணக்கில் வரைந்துகொண்டிருக்க முடிகிறது என்பதுதான் அது. வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தீர்மானிக்காமலே சேலையில் பூவேலை செய்யலாம், முகத்தில் சுருக்கம் போடலாம், பின்னணியில் கோபுரத்தின் ஒவ்வொரு பொம்மையையும் வைக்கலாம். எல்லாம் நன்றாகவே இருக்கும். ஆனால் படம் நிற்காது. எதைப் பார்க்கச் சொல்கிறது என்று படத்துக்கே தெரியாது.

முதல் வருடம் டேப்லெட்டைத் தொடாதே என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம்தான். கை பழக வேண்டும் என்று அவர்கள் காரணம் சொல்கிறார்கள், அதுவும் உண்மைதான். தொட்டு எழுதும் நிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இழுக்கலாம், தள்ள முடியாது. தள்ளினால் தாளைக் குத்திக்கொண்டு மை தெறிக்கும். அதனால் வளைவு வருகிற இடத்தில் தாளைத்தான் திருப்புவோம். கார்ட்ரிட்ஜ் ஷீட் என்கிற பெரிய வரைதாளில் நீளமான கோடு இழுக்க வேண்டுமென்றால் தோளிலிருந்து கை வரவேண்டும், மணிக்கட்டு மட்டும் போதாது. சின்னத் திரையில் பழகியவர்களின் கோடு மணிக்கட்டோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பேனா 8192 அளவு அழுத்தத்தை உணரும் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். அது அழுத்தத்தின் கணக்கு மட்டும்தான், தோளின் வீச்சை அதுவா கொண்டுவரும்? ஆனால் கைப்பழக்கத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றும் காரணம், சென்ட்ரல் ஸ்டேஷனில் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஸ்கெட்ச் புக்கில் வரையும்போது அவர் எப்போது எழுந்து போவார் என்று நமக்குத் தெரியாது என்பதுதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று அந்த நொடியே தீர்மானித்தாக வேண்டும். முதுகின் வளைவா, கையிலிருக்கும் டிபன் கேரியரா? இரண்டும் கிடைக்காது. இந்தத் தீர்மானம் பழகிய கண்ணோடு திரைக்குப் போகிறவர்களுக்கு அண்டூ எந்தக் கெடுதலும் செய்யாது.

பழைய பத்திரிகைப் படங்களைத் தேடித்தேடிப் பார்ப்பது எனக்கு ஒரு பைத்தியம். அதில்தான் ஒரு விஷயம் புரிந்தது. நாம் இன்று பாரம்பரியம் என்று கையெடுத்துக் கும்பிடுகிற கோட்டோவியம், அந்தக் கால இயந்திரத்தோடு சேர்ந்து பிறந்தது. ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த லெட்டர்பிரஸ் காலத்தில் ஒரு படம் அச்சாக வேண்டுமென்றால் அதைப் புகைப்படம் எடுத்து, துத்தநாகத் தகட்டில் பதித்து, அமிலத்தில் அரித்து பிளாக் ஆக்க வேண்டும். அந்த லைன் பிளாக்குக்குக் கறுப்பு தெரியும், வெள்ளை தெரியும். நடுவே சாம்பல் தெரியாது. சாம்பல் வேண்டுமென்றால் புள்ளிகளாக உடைத்து ஹாஃப்டோன் பிளாக் செய்ய வேண்டும், அது மட்டமான நியூஸ்பிரின்ட் தாளில் மசமசவென்று போய்விடும். அதனால் நிழலையும் கோட்டாலேயே கொண்டுவந்தார்கள். நெருக்கக் கோடு போட்டால் இருட்டு, விலக்கிப் போட்டால் வெளிச்சம். படத்தைப் பெரிதாக வரைந்து பிளாக்கில் சின்னதாக்குவதும் வழக்கம். சுருங்கினாலும் கோடு அடைத்துக்கொள்ளாத அளவுக்கு இடைவெளி விட்டாக வேண்டும். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களைப் பாருங்கள். கோயிலுக்கே போய் உட்கார்ந்து வரைந்தவர் அவர். கருங்கல்லின் வழவழப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, தூண் மறைவின் இருட்டு எல்லாமே கோடுதான். அம்புலிமாமாவில் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வாளோடு நடக்கும் விக்கிரமனை வரைந்த சங்கர், 2020-ல் தன் 96-வது வயதில் மறைந்தார். அவர் கோட்டில் எது முக்கியமோ அது எந்தத் தாளிலும் தெரியும். இவர்கள் எல்லாரும் படம் வாசகன் கைக்கு எந்த வழியாக, எந்த அளவில் போகிறது என்று தெரிந்து வரைந்தவர்கள்.

சில்பியும் சங்கரும் படித்த எழும்பூர்க் கல்லூரி, இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி, 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. ஆரம்பக் காலத்தில் அங்கே மரத்தில் செதுக்கி அச்செடுப்பதும் மண்பாண்டத் தொழிலும் ஓவியத்தோடு சேர்த்தே கற்றுக்கொடுக்கப்பட்டன. கலை ஒரு பக்கம், தொழில்நுட்பம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பேசும் வழக்கம் இந்த ஊர் ஓவியப் படிப்பின் தொடக்கத்திலேயே இல்லை. அதே கல்லூரியில் படித்து, கோட்டில் கைதேர்ந்து, பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது தயங்காமல் அதற்குள் போன ட்ராட்ஸ்கி மருது நம் கண்முன் இருக்கிறார். அவருடைய டிஜிட்டல் படங்களில் தெரிகிற உடல்களின் வேகம் தாளில் பழகிய கையிலிருந்து வந்தது என்பது என் திடமான எண்ணம்.

இயந்திரம் எல்லாருக்கும் இப்படி இடம் கொடுத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சென்னையின் சினிமா பேனர் ஓவியர்களை ஃப்ளெக்ஸ் சில வருடங்களிலேயே துடைத்துப்போட்டது. மவுண்ட் ரோட்டில் மாடி உயரத்துக்கு நின்ற முகங்களைக் கையால் வரைந்தவர்கள் அவர்கள். எங்கள் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் அப்படி ஒருவர் இருக்கிறார். இப்போது கடை ஷட்டர்களிலும் பள்ளிக்கூடச் சுவர்களிலும் எழுத்து எழுதுகிறார். எல்லாருக்கும் அவர் மாஸ்டர், எனக்கும். ஸ்டில் போட்டோவில் கட்டம் போட்டு, துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புவார்களாம். ஒரு கண் மட்டுமே ஆள் உயரம். சாரத்தில் நிற்பவருக்கு முழு முகம் தெரியாது.

"அப்போ எப்படி மாஸ்டர் சரியா வரும்?" என்று கேட்டேன்.

"மூக்க வரையும்போது மூக்கப் பாக்கக் கூடாதும்மா, கட்டத்தப் பாக்கணும். அப்பறம் எறங்கி ரோட்டுக்கு அந்தாண்ட போயி நின்னு பாக்கணும். பஸ்ல போறவன் எங்கேர்ந்து பாப்பானோ அங்கேர்ந்து."

இவ்வளவு தெளிவாக எந்த டுடோரியலிலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்றிலிருந்து டேப்லெட்டில் வரையும்போது முழுப் படமும் அச்சு அளவில் தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஜன்னலை எப்போதும் ஓரத்தில் திறந்து வைத்திருக்கிறேன். வரைவதற்கான மென்பொருள்களில் கிரிட்டாவில் அதற்கு ஓவர்வியூ இருக்கிறது, புரோகிரியேட்டில் ரெஃபரன்ஸ் ஜன்னலில் கேன்வாஸையே காட்டச் சொல்லலாம். ஃபோட்டோஷாப்பில் ஒரே கோப்புக்கு இரண்டாவது ஜன்னல் திறக்கலாம். ரோட்டுக்கு அந்தாண்ட போய் நிற்பதற்குத் திரையில் இருக்கும் வழி இதுதான். கையில் வைத்துப் படிக்கிற குழந்தை அந்தப் படத்தை எங்கிருந்து பார்க்குமோ, அங்கிருந்து பார்க்க வேண்டும்.

திரை நிச்சயமாக ஜெயிக்கும் இடங்களையும் சொல்கிறேன். புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முதல் நாள், "பாட்டி சேலையைப் பச்சையாக்கிவிடுங்கள், அட்டையோடு அடிக்கிறது" என்று பதிப்பாளரிடமிருந்து செய்தி வரும். தாளில் இதற்கு மொத்தப் படத்தையும் திரும்ப வரைய வேண்டும். சேலை தனி லேயரில் இருந்தால் சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடலாம். இது சின்ன விஷயமில்லை, சோறு போடுகிற விஷயம். லேயர் என்ற யோசனைகூட ஒன்றும் கம்ப்யூட்டரின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஃபோட்டோஷாப்பில் லேயர் வந்தது 1994-ல், மூன்றாவது பதிப்பில். ஸ்கிரீன் பிரின்டிங் அச்சகங்களில் அதற்கு வெகுகாலம் முன்பே ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன் போட்டு ஒன்றின் மேல் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தார்கள். திருவான்மியூரில் இருக்கும் தாரா புக்ஸ் பதிப்பகத்தின் கையச்சுப் புத்தகம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள், நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பது விரலுக்கே தட்டுப்படும். லேயர்களைக் கண்டபடி கூட்டிக்கொண்டே போகாமல் ஐந்தாறு நிறத்துக்குள் ஒரு படத்தை யோசிக்க அந்தப் புத்தகங்கள்தான் எனக்குப் பழக்கின.

திரை ஏமாற்றுகிற இடம் நிறம். திரையில் நிறம் ஒளியால் ஆனது. அச்சில் அது தாள் மேல் படியும் நான்கு மை. மயில்கழுத்து நிறக் காஞ்சிபுரம் பட்டு ஒன்றைத் திரையில் வரைந்தால் ஜொலிக்கும். அந்த நான்கு மைக் கணக்கான சிஎம்ஒய்கே-க்கு மாற்றியதும் அந்தப் பளீர் நீலப்பச்சை மங்கி உட்கார்ந்துவிடும், ஏனென்றால் அந்த நிறத்தை நான்கு மையாலும் கலந்து கொண்டுவர முடியாது. இதற்கு மருந்து தாளில் பழகியவர்களிடம் இருக்கிறது. மயில்கழுத்தை வாட்டர்கலரில் வரைகிறவர்கள் நீலத்தை இன்னும் பளிச்சென்று ஆக்கப் பார்க்க மாட்டார்கள். பக்கத்தில் ஒரு அடங்கிய அரக்கையோ பழுப்பையோ வைப்பார்கள். நீலம் தானாக எழும்பும். ஜரிகையும் அப்படித்தான். அதற்குத் தங்க நிறக் குப்பி எதுவும் தேவையில்லை. ஆழ்ந்த பழுப்புக்குப் பக்கத்தில் வெளிறிய மஞ்சள் கூர்மையாக வந்தால் கண் அதைத் தங்கம் என்று எடுத்துக்கொள்ளும். அச்சு மையும் கண்ணை இதே மாதிரிதான் ஏமாற்றியாக வேண்டும். அதனால் நிறச் சோதனையை மட்டும் நான் எப்போதும் தாளில், நிஜப் பெயின்டில் செய்துவிட்டுத்தான் திரைக்குக் கொண்டுபோகிறேன்.

செலவைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் பணத்தைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பருத்தியில் செய்த 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) வாட்டர்கலர் தாள் விலை அதிகம், பழகுகிற வயதில் அதை நிறையத் தீர்க்க வேண்டியிருக்கும். டேப்லெட் ஒரு முறை வாங்கினால் தாள் செலவு இல்லை என்று கணக்குப் போடுகிற வீடுகள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. திரையே இல்லாத சின்னப் பேனா டேப்லெட்டும் ஒரு சுமாரான லேப்டாப்பும் இருந்தால் கிரிட்டாவை இலவசமாக இறக்கிக்கொண்டு வேலையே தொடங்கிவிடலாம். தாளுக்குப் பாரிமுனைக்குப் போங்கள். ஆண்டர்சன் தெருவில் மொத்தக் கடைகளில் கார்ட்ரிட்ஜ் ஷீட்டையும் ஐவரி கார்டையும் வாங்கி வெட்டி வைத்துக்கொண்டால் ஸ்கெட்ச் புக் விலையில் பல மடங்கு தாள் கிடைக்கும். பழகுவதற்குப் பருத்தித் தாள் வேண்டாம். ஆனால் ஈரத்தின் மேல் ஈரமாக வரையக் கற்றுக்கொள்ளும் கட்டத்தில் மட்டும், ஒரு முழுத் தாளை நாலாக வெட்டியாவது பருத்தியிலேயே போட்டுப் பாருங்கள். மரக்கூழ்த் தாளில் தண்ணீர் நிற்கிற விதமே வேறு, கோளாறு நம் கையில் இருக்கிறது என்று நினைத்து மனம் உடைந்துபோவோம்.

என் கடைசி வருட வேலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைப் பற்றிய குழந்தைகள் புத்தகம். மீன்கள் எல்லாவற்றையும் தாளில்தான் வரைகிறேன், வாட்டர்கலரில், புத்தகத்தில் வரும் அதே அளவில். வஞ்சிரத்தின் முதுகில் இருக்கும் சாம்பல் நீலம் வயிற்று வெள்ளிக்குள் எங்கே கரைகிறது என்று சொல்ல முடியாது. ஈரத் தாளில் நிறத்தை விட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டால், கரைகிற வேலையைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும். சங்கராவின் சிவப்பு கரைக்கு வந்த சிறிது நேரத்தில் வாடத் தொடங்கிவிடுவதால், விடியும் முன்பே போய் நிறத்தை அங்கேயே கலந்து ஒரு துண்டுத் தாளில் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். ஏலக் கூட்டம் வேறு மாதிரி. கூடை சுமக்கிறவர்கள், விலை கேட்கிறவர்கள், ஐஸ் உடைக்கிறவர்கள், எல்லாரையும் ஸ்கெட்ச் புக்கில் தனித்தனியாகப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒரே பக்கத்தில் யார் முன்னால், யார் பின்னால் என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்காமல் அந்தக் கூட்டம் அமையாது. அதை ஸ்கேன் செய்து திரையில்தான் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அது தொடங்குவதற்குள் வஞ்சிரத்தையும் சங்கராவையும் முடித்துவிட்டால், கூட்டத்தைத் தடைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து அடுக்கிக்கொள்ளலாம்.